நெல்வி தின்ற பருப்பு

நெல்வி அமுத்தாரி ரிபெரால்தா ஊர்க் கொட்டை ஆலைகளில் பேர்போன கொட்டை உடைப்பவள். அவித்த கொட்டையை இரும்பு இடுக்கியின் வாயில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் பருப்பு கீறல் இல்லாமல் மேசையில் விழும். தப்பித் தவறி உடைந்ததை மேஸ்திரி பார்க்காத நேரத்தில் வாயில் போட்டுக்கொள்வாள். அந்தக் கொட்டகையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். பிரேசில் கொட்டை என்று வெளிநாட்டுக்காரர்கள் விலை கொடுத்து வாங்குவது அவர்களுக்கு வெறும் கொறிப்பு.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கி, தங்கியதுபோலவே கலைந்துபோனது. அந்த வெக்கையிலும் குளிருகிறது என்று போர்த்திக்கொள்வாள். கழுத்து முன்புறம் லேசாக வீங்கியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ரோசியோ, தைராய்டு சுரப்பி சோர்ந்துவிட்டது என்று சொல்லி, தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தாள். சில மாதங்களில் நெல்வியின் முகத்தில் களை திரும்பியது.

அவள் கணவன் ஓஸ்மின் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன். அவளுக்கு என்ன கிடைத்தாலும் போதாது என்று நினைக்கிற மனுஷன். சந்தையில் மூலிகை விற்கிற ஒருத்தி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, ஒரு மாலையில் ஒரு டப்பாவோடு வந்தான்.

"செலினியமாம். தைராய்டுக்கு இதுதான் உரமாம். கருவும் கெட்டியா நிக்கும்னா அந்த அக்கா."

"ஏற்கெனவே ஒண்ணு போடுறேனே?"

"அது ஆயுசு பூரா போடணும்னாங்கள்ல? இது இயற்கை. இதப் போட்டு அத விட்டுடலாம்னு சொன்னா."

"அந்தக்கா டாக்டருக்குப் படிச்சிருக்காளோ?"

"படிப்பெல்லாம் இல்ல, அவ புருஷன் நாய் பிடிக்கிறவன். நீ போடு, பொண்ணே."

சிரித்துக்கொண்டே போட்டாள். ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது என்று இரண்டாகப் போட்டாள். ஆலையில் பருப்பு கொறிப்பது நிற்கவில்லை. அந்தப் பருப்பிலும் அதே செலினியம் ஏராளம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை முதலில் மறந்தது, பிறகு அட்டையோடு அலமாரிக்குள் போனது. அந்தச் சமயம் பார்த்து மூன்றாவது கரு தங்கியது. டப்பாவுக்குத்தான் நன்றி சொன்னார்கள் இருவரும்.

"பூண்டு தின்னியா?" என்று ஓஸ்மின் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்வான்.

"வீட்டுல பூண்டே இல்ல, திருட்டுப்பயலே."

சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. நகங்கள் வெளுத்து ஒடிந்தன. வயிறும் ஓயாமல் கலங்கியது. பிள்ளை எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறது என்று ஆலைப் பெண்கள் தேற்றினார்கள். அந்தக் காலத்தில் அவள் டாக்டரிடம் போகவே இல்லை. மாத்திரையை விட்டதற்குத் திட்டுவாளே என்ற பயம்.

வயிறு மேடிட்டு, உள்ளே அசைவு தெரிய ஆரம்பித்த பிறகு, ஆலை மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தது. ஆண் குழந்தை. மூச்சில்லை.

டாக்டர் ரோசியோ ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை.

"எதனால போச்சுன்னு அடிச்சு சொல்ல என்னால முடியாதும்மா. ஆனா தைராய்டு மாத்திரைய நிறுத்தினது பெரிய தப்பு. கர்ப்பத்துல அது கூடத்தான் வேணும். செலினியம் அதுக்கு பதில் ஆகாது. உடம்புக்கு அது துளியூண்டு போதும், மிஞ்சினா விஷம். முடி கொட்டுனது, நகம் ஒடிஞ்சது, வாயில பூண்டு நாத்தம், எல்லாம் அதோட வேலதான். இந்தப் பருப்பே ஒண்ணு ரெண்டுக்கு மேல வேணாங்கிறேன், நீ கை நிறைய தின்னுட்டு மேல டப்பாவும் சேத்தியே."

சுவரோரம் நின்ற ஓஸ்மின் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டான். பிறகு வெளியே போய் வண்டிப் பக்கத்தில் செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகு அவன் அவளைக் கேலி செய்யவில்லை. சோறு எடுத்து வைப்பான், தண்ணீர் பிடிப்பான், முகம் பார்க்கமாட்டான். காய் விழுகிற பருவம் வந்ததும் கொட்டை பொறுக்கக் காட்டுக்குப் போனான். பருவம் முடிந்து எல்லாரும் ஊர் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. ஆற்றின் மேல்பக்கம் ஒரு முகாமில் மரம் அறுக்கிறான் என்று படகுக்காரர் சொன்னார்.

நெல்வி படகேறிப் போனாள். அதற்குள் முடி கருகருவென்று வளர்ந்திருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில் உடம்பும் தேறியிருந்தது. அதை அவன் பார்க்க வேண்டும் என்றுதான் தலையை அவிழ்த்து விட்டுக்கொண்டு போனாள்.

"நான்தானே போட்டுக்கிட்டேன், ஓஸ்மின். ரெண்டு ரெண்டா. நீயா ஊட்டிவிட்ட?"

"வாங்கிக் குடுத்தது யாரு?"

"ஆசையிலதானே வாங்கின."

"அதான் தாங்கல." அவன் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "பகையில பண்ணியிருந்தா ஒரு நாள் மறந்துருக்கும். உன்னப் பாக்கறப்பல்லாம் நம்ம பய மொகம் வருது. போயிடு நெல்வி."

"வீட்டுக்கு வா. பேச வேணாம். சும்மா வந்து இரு."

மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவள் கொண்டுபோன மசாக்கோவை வாங்கிக்கொண்டான். வாழைக்காயும் உப்புக்கண்டமும் சேர்த்து இடித்தது அவனுக்கு உயிர். அவள் எதிரில் தின்னவில்லை. படகு கிளம்பும்வரை கரையில் நின்றான், கை அசைக்கவில்லை.

வருஷங்கள் போய்விட்டன. அவன் வரவில்லை. நெல்வி இன்னும் அதே ஆலையில்தான் உடைக்கிறாள். கர்ப்பிணி யாராவது பக்கத்து மேசைக்கு வந்தால், "ஒண்ணு தின்னு, ரெண்டு தின்னு, போதும்டி" என்று அந்தப் பெண்ணின் முன்னால் உள்ள உடைசலைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொள்வாள். "எதுக்குக்கா?" என்று கேட்டால் டாக்டர் சொன்னதைச் சொல்வாள். பிள்ளையைப் பற்றிச் சொல்லமாட்டாள். அந்தப் பிள்ளைக்கு இருவரும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற ஒருவனுக்கும் மட்டுமே தெரியும்.