கிளோரன் ஏரியின் டேங்க் செயலாளர்

செப்டிக் டேங்க் மூடியைத் தூக்குவதற்கு முன்னால் மலாக்கி கெராட்டி தொப்பியைக் கழற்றி இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொள்வார். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். "ஒரு தடவை உள்ள விழுந்துடுச்சு" என்பார். விழுந்த தொப்பியை என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் நிறுத்துவார். கேட்டால் இடுப்பில் இருப்பதையே தட்டிக் காட்டுவார். "நல்ல கம்பளி. விட மனசு வருமா?"

வயது அறுபத்து மூன்று. காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் கிளோரன் ஏரித் தண்ணீர்ச் சங்கத்தின் செயலாளர். அதற்குச் சம்பளம் கிடையாது. ஏரியைச் சுற்றியுள்ள எண்பத்தோரு வீடுகளும் ஏரித் தண்ணீரைத்தான் குழாய் போட்டுக் குடிக்கின்றன. அதே எண்பத்தோரு வீடுகளின் கழிவும் தோட்டத்து டேங்கில் இறங்கி, டேங்க் ஒழுங்காக இருந்தால் மண்ணில் வடிகட்டி, இல்லாவிட்டால் அப்படியே, அதே ஏரிக்குத்தான் போகிறது. இதைச் சங்கக் கூட்டத்தில் மலாக்கி சுருக்கமாகச் சொல்லிவிடுவார். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்தான்யா. ஒருத்தர் வீட்டுது இன்னொருத்தர் வீட்டு டீயில."

பஸ்ஸில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஆளுயர இரும்புக் கம்பி ஒன்று கிடக்கும். டேங்க் எங்கே என்று மறந்துபோனவர்களின் தோட்டத்தில் குத்திப் பார்ப்பதற்கு. மறந்துபோனவர்கள்தான் பாதிப் பேர். பேக்கி லோஹனுக்குத் தன் நாற்பது மாடுகளில் எது எந்த மூலையில் மேய்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். சொந்த டேங்கைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று. யார் வீட்டுப் புல்லாவது ஓரிடத்தில் மட்டும் அளவுக்கு மீறிப் பச்சையாக இருந்தால் மலாக்கி பஸ்ஸை மெதுவாக்கி எட்டிப் பார்ப்பார். அந்தப் பஸ் எட்டு மணிக்கு வருமா எட்டேகாலுக்கு வருமா என்பது வழியிலுள்ள புல்லைப் பொறுத்தது.

கதவைத் தட்டியதும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடம். "உங்க வீட்டுப் பீ விஷயமா வந்திருக்கேன்."

"வாசல்ல நின்னு கத்தாதே மலாக்கி! உள்ள வந்து தொலை" என்பாள் ஃபிலோமினா. மாதா கோயிலுக்கு அடுத்த வீடு. பாத்திரம் துடைக்கும் துணியைக்கூட இஸ்திரி போட்டு மடிப்பவள். உள்ளே போனால் ஹாம் சாண்ட்விச்சும் டீயும் வரும். "கொதிச்ச தண்ணிதானேன்னு கேட்டுட்டுத்தான் குடிப்பேன். கேட்ட வீட்டுல எங்கயும் எனக்கு ரெண்டாவது கப் கிடைச்சதில்ல" என்று அதையும் வெளியே வந்து அவரே சொல்லித் திரிவார்.

அவரைக் கேலி செய்வது கஷ்டம். மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அவரே சொல்லிவிடுவார். மதுக்கடையில் ஒருநாள் பேக்கி கேட்டான்: "ஏண்டா, நீ செத்தா கல்லறையில என்ன எழுதறது?"

"‘நிரம்பிடுச்சு, லாரியைக் கூப்பிடவும்’னு எழுது."

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவரிடம் வேடிக்கைப் பேச்சு கிடையாது. இரண்டு குளிர்காலமாக ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அறிவிப்பு இருக்கிறது. அந்த அறிவிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பு அவர் மனைவி நோரீன் பல் தேய்த்த தண்ணீரிலோ என்னவோ, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு கிருமி உள்ளே போய், ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது கல்யாண மோதிரம் விரலில் நிற்கவில்லை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் மலாக்கி பஸ் டயரைப் பார்க்கப் போய்விடுவார்.

அதற்குப் பிறகுதான் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பதினான்கு கடிதங்கள். கடைசியில் ஒரு திட்டம் வந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லா டேங்கையும் இலவசமாகக் காலி செய்வது, பழுதானதைச் சரிசெய்யப் பணம் தருவது, மாதாமாதம் தண்ணீர்ப் பரிசோதனை. ஆனால் பணம் ஓர் ஏரிக்குத்தான் உண்டு; மலைக்கு அந்தப் பக்கத்து ஏரியும் கேட்டிருந்தது. ஆகவே நிபந்தனை: குலுக்கலில் பன்னிரண்டு வீடுகளை எடுத்து ஆய்வாளர் பார்ப்பார். ஒரு வீடாவது ஏரியைக் கெடுக்கிறது என்று நிரூபணமாக வேண்டும். இல்லாவிட்டால் பணம் மலையைத் தாண்டிப் போய்விடும்.

மலாக்கி இதை மாதா கோயிலின் பங்குக் கூடத்தில் நின்று ஊராருக்குப் படித்துக் காட்டினார். பழையதாகிப் பழுதான டேங்குக்கு முழுப் பணமும் உண்டு. தெரிந்தே கழிவைத் திருப்பிவிட்டவருக்கு ஒரு காசும் கிடையாது, செலவு அவர் தலையில் என்றும் ஒரு வரி இருந்தது. அதை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்தார். முடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். "தயவுசெஞ்சு யாரும் சுத்தம் பண்ணாதீங்க. இந்த ஒரு தடவை நாம எவ்வளவு அசிங்கமோ அவ்வளவு அசிங்கமாவே இருப்போம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதர் முறைவைத்து வீட்டுக்கு வந்து பூசை வைக்கப் போகிறார் என்றால், கூரை ஒழுகினாலும் சரி, சுவருக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் கை சும்மா இருக்காது. குலுக்கல் முடிந்த மறுநாளே டவுனிலிருந்து கசடு லாரி வரத் தொடங்கியது. பேக்கி டேங்கின் உள்சுவரைப் பால் கேன் பிரஷ்ஷால் தேய்த்தான். ஃபிலோமினா மூடிக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் ஜெரேனியப் பூந்தொட்டி வைத்தாள். மலாக்கி தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்கென்ன, ஆம்பளை" என்றாள் அவள். "யாரோ ஒரு பொண்ணு வந்து என் மூடியைத் திறக்கப் போறா. ஃபிலோமினா வீடு நாறுதுன்னு அவ போய் ஊரெல்லாம் சொல்றதுக்கா?"

மலாக்கி தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டினார். மேலே வாதாடாததற்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டில் அவர் வீடும் ஒன்று. அவரும் முந்தின நாள்தான் பக்கத்து மாவட்டத்திலிருந்து, யாருக்கும் அடையாளம் தெரியாத லாரியாகப் பார்த்து வரவழைத்திருந்தார். "செயலாளர் வீட்டு டேங்க் நாறினா சங்கத்துக்குத்தானே கேவலம்" என்று நோரீனிடம் சொன்னார்.

"சங்கத்துக்கா? உனக்கா?" என்றாள் நோரீன்.

ஆய்வாளர் கிரான்யா முப்பது வயதுப் பெண். அதிகம் பேசுகிற ரகமில்லை. ஒவ்வொரு மூடியாகத் திறந்து, விளக்கடித்துப் பார்த்து, சரி என்று குறித்துக்கொண்டே வந்தாள். பார்த்து முடிந்த வீட்டுக்காரர்கள் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். பன்னிரண்டாவதாக மலாக்கி வீட்டுக்கு வந்தபோது அது ஊர்வலமாகவே ஆகிவிட்டது.

கிரான்யா விளக்கடித்தாள். "இவ்வளவு சுத்தமான டேங்கை நான் பார்த்ததே இல்ல சார்."

"சபாஷ்டா செயலாளரே!" என்று கத்தினான் பேக்கி. "உன் டேங்க்ல குழந்தைக்கு ஞானஸ்நானமே குடுக்கலாம் போலிருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். மலாக்கியும் சிரித்தார். "பன்னெண்டும் நல்லா இருக்கு" என்றாள் கிரான்யா, பேனாவைத் திறந்தபடி. "அப்ப தண்ணி எப்படித்தான் கெடுதுன்னு புரியல."

"வாத்துங்களா இருக்கும்" என்றாள் ஃபிலோமினா.

சமையலறைக் கதவில் நோரீன் கொதித்த கெட்டிலோடு நின்றிருந்தாள். இத்தனை பேருக்கும் டீ போட, மூன்றாவது தடவையாகக் கொதிக்க வைத்தது. கழுத்துக் கயிறு காலருக்கு வெளியே வந்திருந்தது. மலாக்கி அதைப் பார்த்தார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது டேங்க் பொங்கிப் பந்தல் போட வேண்டிய புல்தரை சேறாகிவிட்டது. நோரீன் துணி வாங்க டவுனுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, டேங்கிலிருந்து வேலிக்கு அடியில் ஒரு குழாய் பதித்து ஓடையில் விட்டார். கல்யாணம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். கல்யாணம் முடிந்தது, பேரன் பிறந்தான், புல்தரை காய்ந்தே இருந்தது, குழாயும் இருந்தது. தன்னைப் பற்றி நூறு கேலி சொல்கிற மனிதர் இந்த ஒன்றை மட்டும் கேலியாகக்கூடச் சொன்னதில்லை. நாமே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் மற்றவர்கள் மேலே கேட்க மாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடித்த வழி. இவ்வளவு நாளும் அது வேலை செய்திருக்கிறது. அந்த ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அவர் இந்தக் குழாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவமானமும் பயமுமாக, யாரிடமும் சொல்லாமல்.

"எழுதாதீங்க மிஸ்" என்றார். "கொஞ்சம் இப்படி வாங்க."

அடுத்து ஏதோ நகைச்சுவை வரப்போகிறது என்று எல்லோரும் வாயைத் தயாராக வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். வேலியோரம் பெர்ரி முட்புதர் அடர்ந்திருந்தது. மலாக்கி ஈர மண்ணில் மண்டியிட்டு, வெறுங்கையால் புதரை இரண்டு பக்கமும் விலக்கினார். உள்ளே ஒரு குழாயின் வாய். டேங்கைக் காலி செய்துவிட்டதால் சொட்டவில்லை. ஆனால் வாயெல்லாம் கறுத்துக் கிடந்தது, கீழே ஓடையில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஓடை நேராக ஏரிக்குப் போயிற்று.

"யார் போட்டது?" என்றாள் கிரான்யா.

"நான்தான்."

"தெரிஞ்சே போட்டதுன்னா உங்களுக்கு ஒரு காசும் கிடைக்காது. மேல அபராதமும் வரும்."

"படிச்சுக் காட்டினதே நான்தானேம்மா. மத்தவங்களுக்குக் கிடைக்குமில்ல?"

"இது ஒண்ணு போதும். கிடைக்கும்."

ஃபிலோமினா தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் தானாக ஒதுங்கி வழிவிட, நோரீன் கெட்டிலைப் புல்லில் வைத்துவிட்டு வந்து, அவர் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தாள். குழாயின் வாயைப் பார்த்தாள், அங்கிருந்து ஓடையை, ஓடையிலிருந்து ஏரியை, மறுபடி குழாயை. மலாக்கியின் விரலிடுக்குகளில் முள் கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் பார்த்து முடிக்கும்வரை அவர் புதரை விடவில்லை.