கானாற்றில் வந்த கறுப்புத் தண்ணீர்

நான் ஐந்தாவது படித்த வருஷம் எங்கள் ஊர் மலை மூன்று நாள் எரிந்தது. அடுத்த வாரம் கோடையின் முதல் மழை பெய்ததும் கானாற்றில் தண்ணீர் மை போலக் கறுத்து ஓடியது. மீன்குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தன. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

ஊருக்கு மேற்புறம், கானாற்றங்கரையிலேயே ஒரு தோல் கம்பெனி இருந்தது. எங்களோடு தங்கியிருந்த சித்திக்கு அங்கே தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலை. கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு அவள் ஸ்கூட்டியில் கிளம்பும்போது, கலெக்டரே எங்கள் வீட்டில் குடியிருப்பதுபோல எனக்கு இருக்கும்.

அன்று காலை ஊரே கம்பெனி கேட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டது. கழிவைத் திறந்துவிட்டார்கள் என்று பேச்சு. சித்தியைக் கண்டதும் கோபம் அவள்மேல் திரும்பியது.

"உள்ளயே வேல செய்யற, இன்னா நடக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எங்கூட வாங்க, காட்டறேன்" என்றாள்.

கம்பெனியைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் நடந்தாள். பின்னால் ஊர். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மேனேஜரும் வந்தார். நான் சித்தியின் துப்பட்டாவை விடவில்லை. அங்கேயும் தண்ணீர் கறுப்பாகத்தான் வந்தது. ஒரு கை அள்ளிக் காட்டினாள். உள்ளங்கையில் கரித்துண்டும் பாதி எரிந்த இலையும் தங்கின.

"கம்பெனிக்கு மேலயே இப்படித்தான் வருது, பாருங்க. இது மலைச் சாம்பல். புல்லு பூண்டு எரிஞ்சிட்டதால மண்ணப் புடிச்சி நிறுத்த ஒண்ணுமில்ல, மழ எல்லாத்தயும் அடிச்சிகினு வருது. தெளியறவரைக்கும் குடிக்காதீங்க. ஆடு மாட்டுக்கும் காட்டாதீங்க."

கூட்டம் தணிந்தது. மேனேஜர் கைதட்டாத குறை. அப்போது பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி கேட்டாள்:

"அப்ப எங்க கெணத்துத் தண்ணி ரெண்டு மாசமா உப்புக் கரிக்குதே, அதுவும் சாம்பல்தானா?"

சித்தி மேனேஜரை ஒரு தடவை பார்த்தாள். கையைத் துப்பட்டாவில் மெதுவாகத் துடைத்தாள்.

"இல்லக்கா. மலை போன வாரம்தான எரிஞ்சிது? அது எங்க கம்பெனித் தண்ணி. நாந்தான் டெஸ்ட் பண்ணேன். எழுதியும் குடுத்தேன்."

அத்தனை பெரியவர்களையும் என் சித்தி ஒரே பேச்சில் வாயடைக்க வைத்துவிட்ட பெருமையில் நான் குதித்துக் குதித்து வீடு வந்தேன்.

வீட்டில் அப்பா கேட்டார்: "சாம்பலோட நிறுத்தியிருக்கலாம் இல்ல?"

"கேட்டாங்க மாமா. சொன்னேன்."

பிறகு அதிகாரிகள் வந்து கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். ஊருக்கு லாரியில் குடிதண்ணீர் வந்தது. கம்பெனியில் கசிந்த தொட்டியை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள்.

சித்தி மட்டும் திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. அடுத்த திங்களும் போகவில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டாள், ஸ்கூட்டியில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள், சாயங்காலம் என்னோடு பந்து விளையாடினாள். எனக்குக் கொண்டாட்டம்.

ஒருநாள் கடைத்தெருவில் மேனேஜரைக் கண்டேன். எங்கள் சித்திக்கு இவ்வளவு நாள் லீவு கொடுத்ததற்காக, ஓடிப்போய் அவருக்குத் தேங்க்ஸ் சொன்னேன்.