வேலணையில் நிற்கும் காரின் ரிமோட்

பனி கொட்டும் காலைகளில் என் கார் சிலவேளை திறக்காது. பிழை காரில் இல்லை. கையுறை போட்ட பெருவிரல், சாவிக்கொத்தில் கிடக்கும் இரண்டு ரிமோட்டுகளில் மற்றதை அமத்திவிடும். நான் நிற்பது ரொறன்ரோவில். அந்த ரிமோட்டுக்குரிய கார் நிற்பது ஊரில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து வேலணையில், அக்கா வீட்டு முற்றத்தில். ஒருநாள் இதைக் கண்ட பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், நான் பழைய காரை விற்றுவிட்டு ரிமோட்டைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். சொந்தக்காரருக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள், பாவம், தேடுவார் என்றார். சொந்தக்காரன் நான்தான் என்று விளங்கப்படுத்தப் போனேன். குளிரில் அவருக்கும் பொறுமையில்லை, எனக்கும் இங்கிலீஸ் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

லீவில் போனபோது வாங்கிய கார் அது. தாம்போதி வீதியில் இரண்டு பக்கமும் கடல் வர, கண்ணாடியை இறக்கிவிட்டு யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடித் திரிந்தேன். திரும்பி வரும் அன்று அக்கா ஒரு ரிமோட்டை என் கைக்குள் வைத்தாள். "இது உன்னட்ட இருக்கட்டும். அடுத்தமுறை வந்து நீயே திறந்து ஓடு" என்றாள். வருசா வருசம் வருவேன் என்று வாய் கிழியச் சொன்னேன். பிறகு பிள்ளைகளின் படிப்பு, வீட்டு மோட்கேஜ் கடன், லீவு கிடைக்காத வேலை. ஊருக்குத்தான் போகவில்லையே தவிர, அந்த ரிமோட்டின் பற்றரியைச் சாகவிட்டதில்லை. என் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

போன கிழமை அக்கா வீடியோ கோல் எடுத்தாள். அத்தானின் காற்சட்டைப் பையில் இருந்த அவர்களுடைய ரிமோட், உடுப்போடு சவர்க்காரத் தண்ணீரில் ஊறிப் போய்விட்டதாம். வெறும் சாவியால் திறந்தால் அலாரம் ஊரைக் கூட்டுகிறது. அத்தான் இருதய நோயாளி. அந்தச் சத்தத்துக்கு நெஞ்சு படபடக்கிறது என்று காரைத் தொடாமல், கிளினிக்குக்கு பஸ்ஸில் நெரிபட்டுப் போகிறார். யாழ்ப்பாணத்தில் புது ரிமோட் வாங்கியாயிற்று. வீட்டிலேயே காருக்குப் பழக்கலாம் என்று கடைக்காரர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் எல்லா ரிமோட்டையும் ஒன்றாக வைத்துத்தான் பழக்க வேண்டும். அந்த நேரம் பக்கத்தில் இல்லாததைக் கார் மறந்துவிடும்.

"உன்ரயும் வேலை செய்யாமப் போயிடுமாம்" என்றாள் அக்கா. "நீ ஆவணிக்கு வாறியெண்டால் பொறுப்பம். அதுவரைக்கும் இவர் பஸ்ஸில போவார். வருவியோ?"

வருவேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் அத்தான் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்தது.

"நீங்கள் செய்யுங்கோ அக்கா" என்றேன்.

"ஓம்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. வேறு ஏதாவது கேட்டிருக்கலாம்.

அத்தானைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அக்கா சாவியால் காரைத் திறந்தாள்; அலாரம் ஒருதரம் கத்தி ஓய்ந்தது. போனை டாஷ்போர்டில் சாய்த்துவைத்துவிட்டு அவள் கார்க் கதவுகளைச் சாத்தினாள். சாவியைப் போட்டும் எடுத்தும், கடைக்காரர் சொன்னபடி திருப்பினாள். பூட்டுகள் டக்கென்று ஏறி இறங்கின. புது ரிமோட்டை அமத்தினாள்; மறுபடியும் டக். வெளியில் நின்ற அத்தான் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார். அக்கா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நீ வந்தால் என்ன, நான் திறந்து விடுறன்" என்றாள்.

விருந்தாளிக்குத்தான் அப்படித் திறந்து விடுவார்கள். நன்றாக வலித்தது.

வேலைக்குப் போக வெளியே வந்தேன். என் காரை மூடிப் பனி கிடந்தது. சாவிக்கொத்தை எடுத்து, வேண்டுமென்றே வேலணை ரிமோட்டை அமத்தினேன். வழமைபோல ரிமோட்டில் சின்னச் சிவப்பு வெளிச்சம் மின்னியது. பற்றரி போன மாதம்தான் மாற்றினேன்.