வாசற்படியில் நின்ற இழை

"மூணாவது மாடி ஸ்டாஸிஸ் இன்னும் எழுந்திரிக்கலை" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள் மில்டா. குப்பைக்கூடையை எடுக்க வந்த பெண் அப்படியே நின்றுவிடுகிறாள். "ஐயோ, மனுஷன் தனியாவா இருக்கார்? ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா?"

ஸ்டாஸிஸ் மனிதர் அல்ல. மில்டா வடிவமைக்கும் இயங்குதளத்தில் ஓர் இழை. ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகளில் ஒன்று. சோதனைக்கு விடும் இழைகளுக்கெல்லாம் தன் குடியிருப்புக்காரர்களின் பெயரை வைப்பாள். இரண்டாவது மாடி ஒனுதே படிக்கட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பவள். ஆகவே இதயத் துடிப்பைக் கவனிக்கும் இழை ஒனுதே. நிஜ ஸ்டாஸிஸ் நாளெல்லாம் படுத்திருந்து, செய்தித்தாள் வந்தால் மட்டும் எழுபவர். காகிதம் போட்டால் எழுந்து அச்சிட வேண்டிய இழைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பாள்.

நாற்பத்தாறு வயது, குள்ளம், எப்போதும் இரண்டு ஸ்வெட்டர். கௌனஸ் நகரில் ஒரு பழைய காலுறை ஆலையின் மேல்மாடியில் அவள் அறை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் ஆப்பிள் துண்டுகள் காய்ந்துகொண்டிருக்கும். யாராவது கைவைத்தால், "அது இன்னும் ரெடியாகலை, வரிசையில நில்லுங்க" என்பாள். மூளை ஓடாத நாளில், மேலே மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலிபஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவாள். ஓட்டுநர்கள் பழகிவிட்டார்கள், யாரும் கேட்பதில்லை.

அவள் வேலைபார்க்கும் நிறுவனம் செய்வது பிறந்த குழந்தைகளின் படுக்கையருகே வைக்கும் கருவி. துடிப்பு, மூச்சு, சூடு, அச்சு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இழை. பதினெட்டு வருடங்களாக அந்த இழைகளை மேய்த்தது அங்கேயே வேலைபார்க்கும் மூத்தவர் ஆர்விதாஸ் எழுதிய அமைப்பு. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு இழைகள் இருப்பதே தெரியாது. கீழ்வாசல் அழைப்புமணிப் பலகையில் ஒரே பெயர், வீட்டுக்குள் நான்கு பேர் என்பதுபோல. அந்த நால்வரில் ஒருவர் வெளியே எதற்காவது காத்து நின்றால், வீட்டில் ஆளே இல்லை என்று கெர்னல் மொத்தக் கதவையும் சாத்திவிடும்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு மருத்துவமனையில் அச்சுக் காகிதம் தீர்ந்தது. அச்சு இழை காகிதத்துக்காகக் காத்து நிற்க, திரையில் துடிப்புக் கோடு பதினோரு விநாடி உறைந்து நின்றது. செவிலி கவனித்துவிட்டாள், குழந்தைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலை முதலாளி நெரியுஸின் முன்னால் போய் நின்றாள் மில்டா. "அவன் தூங்கட்டும், யார் வேணாம்னது? ஆனா அவன் தூங்கறது கெர்னலுக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தானே அடுத்தவனை எழுப்பி வேலை வாங்கும்?"

ஐந்து மாதம் கிடைத்தது. ஒவ்வோர் இழையையும் கெர்னலே அறிந்து, தானே தூங்கவைத்து, தானே எழுப்பும் புதிய வடிவம். ஆர்விதாஸ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தினமும் காலையில் அவள் கதவைக் கடக்கும்போது மட்டும், "என்ன தாயே, குடியிருப்புல எல்லாரும் முழிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

பிப்ரவரியில், மருத்துவமனைச் சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, முழிக்காதவர் ஒருவர் அகப்பட்டார். பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்டாஸிஸ் தூங்கப் போய்த் திரும்புவதில்லை. காகிதம் போட்டாலும் எழுவதில்லை. மற்ற இழைகள் நன்றாகவே ஓடின. ஆனால் ஏன் என்று தெரியாமல் ஒருவர் தூங்கினால், நாளைக்கு ஒனுதே தூங்கமாட்டாள் என்பதற்கு யார் பொறுப்பு?

நெரியுஸ் கையைப் பிசைந்தார். "வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள சரியானா உங்க டிசைன் போகும். இல்லேன்னா பிரிண்டரைக் கழட்டிட்டுப் பழசையே அனுப்பறேன். மன்னிச்சுக்குங்க."

"பிரிண்டர் போனா இன்னொண்ணுக்குக் காத்து நிக்கும். மறுபடியும் கோடு நிக்கும்."

"தெரியும். எனக்கு வேற வழி தெரியலை."

இரண்டு நாள் டிராலிபஸ் பயணமும் பலன் தரவில்லை. செவ்வாய்க்கிழமை, ஆர்விதாஸ் சில தாள்களோடு அவள் அறைவாசலில் வந்து நின்றார். அவள் நாற்காலியிலிருந்து எழாமலே எட்டிக் கை நீட்டினாள். அவர் தாள்களைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வாசப்படிக்கு மேல கை நீட்டறியே. உங்க வீட்டுல சொல்லித் தரலையா?"

மில்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று எதையும் கொடுப்பதோ கை குலுக்குவதோ கூடாது என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆர்விதாஸ் இரண்டடி உள்ளே வந்து தாள்களை மேசையில் வைத்தார். அச்சிட்ட நிரலில் ஏழு வரிகளின் ஓரத்தில் பென்சில் கோடு.

"இந்த வரிகளும் அதைத்தான் பண்ணுது, வாசப்படியில நிக்குது. உன் ஸ்டாஸிஸ் காகிதம் இருக்கான்னு பார்க்கறான். இல்லை. அப்புறமா 'நான் தூங்கறேன்'னு பேரை எழுதறான். நடுவுல ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. சரியா அப்பத்தான் காகிதம் வருது. எழுப்பறவன் வந்து தூங்கறவங்க பட்டியலைப் பார்க்கறான். அதுல இவன் பேரே இல்லை. சரி, முழிச்சுத்தான் இருக்கான்னு போயிடறான். இவன் நிம்மதியாப் படுத்துக்கறான். இனி யார் வருவா?"

"முதல்ல பேரை எழுதணும், மறுபடி ஒரு தடவை பார்க்கணும், அப்புறம்தான் கண்ணை மூடணும். எனக்கு இது தெரியாதா? எல்லா இடத்துலயும் அப்படித்தானே எழுதியிருக்கேன்!"

"நீ எழுதின எல்லா இடத்துலயும். இந்த ஏழு வரி நீ எழுதினது இல்லை. நான் எழுதினது."

பதினெட்டு வருடம் பிழையில்லாமல் ஓடிய வரிகள் என்று மரியாதையோடு தொடாமல் விட்டிருந்தாள். பழைய அமைப்பில் ஒருவன் தானாக இடம்விடும்வரை இன்னொருவன் அசையமாட்டான். வாசற்படியில் நிற்பவனை யாரும் இடைமறிக்க முடியாது. அவளுடைய கெர்னலோ யாரையும் எந்த நொடியிலும் நிறுத்தி அடுத்தவனை விடும்.

"என் வீட்டுல அது சரி. உன் வீட்டுல அது குழி" என்றார் ஆர்விதாஸ்.

மில்டா தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க சும்மா இருந்திருந்தா வெள்ளிக்கிழமை உங்களோடதுதான் போயிருக்கும்."

அவர் ஓர் ஆப்பிள் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். "அந்தப் பதினோரு செகண்டும் என்னோடது மில்டா. இன்னொரு தடவை அது எனக்கு வேண்டாம்." பிறகு முகத்தைச் சுளித்தார். "இது நிஜமாவே காயலை."

இரண்டு வரிகள் இடம் மாறின. புதன், வியாழன் என்று ஸ்டாஸிஸ் பல்லாயிரம் முறை தூங்கினார். பல்லாயிரம் முறையும் எழுந்தார். வெள்ளிக்கிழமை மதியம் நெரியுஸ் கையெழுத்துப் போட்டார். பழைய அமைப்பைக் கருவியிலிருந்து நீக்கும் கட்டளையை ஆர்விதாஸே தட்டினார். பிறகு, பல்வலி என்று யாரிடமோ சொல்லிவிட்டு நாலு மணிக்கே கிளம்பினார்.

மில்டா அவருக்கு முன்னால் தாழ்வாரத்துக்கு ஓடிப்போய், கொக்கியிலிருந்து அவருடைய கனத்த கறுப்புக் கோட்டை எடுத்தாள். பெண்கள் போட்டுக்கொள்ள ஆண்கள் கோட்டைப் பிடிப்பதுதான் அங்கே வழக்கம். அவளோ அதை இரு கையாலும் விரித்து, அவர் தோள் உயரத்துக்கு எட்டாமல் நுனிக்காலில் நின்றாள். ஆர்விதாஸ் தாழ்வாரத்தின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு கையைப் பின்னால் நீட்டிக் கோட்டின் கையைத் தேடினார்.