ஸ்கேனருக்கு எண்ணெய்க் குளியல்

துபாயில் இருக்கும் அண்ணனின் புது வேலைக்காக, இன்று மாலைக்குள் அவனுடைய ப்ளஸ் டூ சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும்.

எத்தனை முறை எடுத்தாலும் சான்றிதழ் போட்டோவில் அவன் மூக்கின்மேல் கறுப்பாக ஒரு திட்டு. ஸ்கேனரை அணைத்துப் போட்டேன். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். திட்டு அசையவில்லை.

அம்மா வந்து மூடியைத் திறந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி, சக்கப்பழம் தின்ன கையோட இதத் தொட்டியா? பசை ஒட்டிக் கெடக்கு பாரு!"

பலாப்பசைக்கு எங்கள் வீட்டில் ஒரே மருந்துதான். நான் தடுப்பதற்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றித் துடைத்துவிட்டாள்.

திட்டு போய்விட்டது. இப்போது ஸ்கேனில் அண்ணன், திற்பரப்பு அருவிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவன் போல முகம் வழிய நிற்கிறான்.

கண்ணாடியில் எண்ணெய் போக என்ன செய்யவேண்டும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள் மக்கா.

அம்மா சீயக்காய் கரைத்துக்கொண்டிருக்கிறாள்.