பக்தவத்சலம் சார் சேர்க்கும் கடைசி வரி

அந்தமானில், ரங்கத் ஜெட்டியில் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் பக்தவத்சலம், வாட்ஸப்பில் எதை எழுதினாலும் கீழே ஒரு வரி சேர்ப்பார்: ‘இது என் தனிப்பட்ட கருத்து மட்டுமே.’ காலை வணக்கத்துக்கும் அது உண்டு. கூட வேலை பார்த்த வியாகுலம் இறந்தபோது ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதி, அதன் கீழும் போட்டார். அப்படியானால் ஆபீசுக்கு வருத்தமில்லையா என்று அந்த வீட்டார் கொஞ்ச நேரம் குழம்பினார்கள்.

சிரிக்கலாம்தான். ஆனால் மனிதர் சூடு கண்டவர். இரண்டு வருடத்துக்கு முன் வானத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு லாங் ஐலண்ட் போட் ஓடாதுபோல என்று பயணிகளின் வாட்ஸப் குழுவில் எழுதினார். டிக்கெட் கொடுப்பவர் சொன்னால் ஆபீஸ் சொன்ன மாதிரிதானே? போகவேண்டியவர்கள் எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். போட் ஜம்மென்று காலியாகப் போனது. அவருக்கு மெமோ வந்தது. இன்னொன்று வந்தால் பிரமோஷனை மறந்துவிட வேண்டியதுதான்.

போன ஜூனில் லாங் ஐலண்டிலிருந்து பீட்டர் குழுவில் கேட்டான். மனைவி பிரவீனாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. ரங்கத் ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே கூட்டி வருவதா, நாளைக்கு வந்தால் போதுமா?

பக்தவத்சலம் கடலைப் பார்த்தார். காற்று திரும்பியிருந்தது. மேலே இருந்து உத்தரவு ஒன்றும் இல்லை. ‘மதிய போட்டிலேயே வந்துவிடுங்கள்’ என்று எழுதினார். பழகிய விரல் அந்த வரியையும் சேர்த்துவிட்டது.

கருத்துதானே சார், ஆர்டர் இல்லையே, நாளைக்கே வர்றோம் என்று பீட்டர் பதில் போட்டான்.

பக்தவத்சலம் அதை இரண்டு முறை படித்தார். தன்னைக் காப்பாற்ற எழுதிய வரி, சொன்ன சொல்லையே தின்றுவிட்டது. போட் கிளம்ப அரை மணிதான் இருந்தது. போன் போட்டார்.

“தம்பி, காத்து திரும்பிடுச்சு, மௌசம் கராப் ஆயிடும். பிரவீனாவ இப்பவே போட்ல ஏத்து.”

“இது ஆபீஸ் சொல்றதா சார், நீங்க சொல்றதா?”

“நான்தான் சொல்றேன். மெமோ வந்தா எனக்கு வரட்டும். நீ ஏத்துடா.”

வந்து சேர்ந்தார்கள். மறுநாள் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. போட் அசங்காமல் வந்து அசங்காமல் போனது. பீட்டர் கவுன்டருக்கே வந்து, புயலுக்கு இன்னைக்கு லீவா சார் என்று விசாரித்தான். பக்தவத்சலம் டிக்கெட் கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், தப்பாச் சொல்லிட்டேன் தம்பி என்றார்.

வலி இன்னும் வராததால் கூடவே வந்து பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பிரவீனா, இளநீரை உறிஞ்சி முடித்தாள்.

“அவரு கெடக்குறாரு சார். புள்ள பொறந்து நாங்க திரும்புற அன்னைக்கும், போட்ல ஏறலாமான்னு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க.”