பிரித்துப் படித்த கடிதம்

எங்கள் வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் பிரிப்பேன். அதை ஒரு குற்றமென்று நான் நினைத்ததே கிடையாது. அகதிகளாய் வந்த புதிதில் மவுண்ட் ரோஸ்கில்லில் மூன்று குடும்பம் ஒரே வீட்டில் இருந்தோம். மூன்று குடும்பத்திலும் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. விசாக் கடிதம், வாடகைக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், எது வந்தாலும் சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து பிரித்து, வாசித்து, யார் அழ வேண்டும் யார் சிரிக்க வேண்டும் என்று சொல்லுவேன். லின்ஃபீல்டில் சொந்த வீடு வாங்கிய பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. மகளின் கடிதங்களைப் பிரித்து அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். அவள் தலைநகர் வெலிங்டனுக்குப் போனதே அதனால்தான் என்று என் கணவர் பகிடி விடுவார்.

மகளின் அறையை மோர்ட்கேஜ் கடன் கட்ட உதவியாக வாடகைக்கு விட்டோம். வந்தவன் பெரு நாட்டுக்காரன். இருபத்தெட்டு வயது, வேலை விசா, த்ரீ கிங்ஸில் ஒரு சூப்பர்மார்க்கெட் பேக்கரியில் வேலை. நிறமும் மூக்கும் முடியும் எங்கள் ஆள் மாதிரியே இருக்கும். தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் கடைக்காரர் அவனிடம், "தம்பி ஊரிலை எவடம்?" என்று கேட்பார். ஒரு நேரமாவது சோறு தின்னாமல் இருக்கமாட்டான். உறைப்பில் எங்களை வெல்லுவான். என்னை அக்கா என்று கூப்பிடப் பழக்கினேன். அவனுடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை, ஆனாலும் இரண்டு பேரும் ஓயாமல் கதைப்போம். அவன் சொன்னவை எனக்குத் தமிழிலேயே ஞாபகத்தில் இருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அவனுடைய ஆட்கள், ஸ்பானிஷ் பேசுகிற தென்னமெரிக்கர்கள், ஒரு மண்டபத்தில் கூடி ஆடினார்கள். அங்கே ஒரு மூலையில் மேசை போட்டு, எச்.ஐ.வி. பற்றி அவர்கள் பாஷையிலேயே விளங்கப்படுத்தி, விரும்பியவர்களிடம் இரத்தமும் எடுத்தார்களாம். அதை ஒழுங்கு செய்தவர் அவர்களுடைய நாட்டுப்பக்கத்து ஆள்தான், தலை நரைத்த ஒரு பெண்மணி.

"கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் இருத்திப் போட்டா, அக்கா. மாட்டன் எண்டு சொல்ல ஏலாமப் போச்சு," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் முகம் வெளிறிப் போயிருந்தது.

ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் வராது. ஏதும் இருந்தால் ஃபோன் எடுப்பார்கள், ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் கடிதம் போடுவார்கள். அடுத்த கிழமையே அவனுடைய ஃபோன் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. புது நம்பரை அவர்களுக்குக் கொடுத்தாயா என்று கேட்டேன். "கடிதம் வந்தாப் பாப்பம்," என்றான். பயம்தான், வேறென்ன. தெற்கே கிவிப் பழம் பொதி செய்கிற இடத்தில் அவனுக்கு ஒரு வேலை காத்திருந்தது. கடிதம் வராது என்று நிச்சயமான பிறகுதான் போவேன் என்றான்.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், உறையில் அவன் பெயரை வாசித்தேன். வாசித்த பிறகும் கை நிற்கவில்லை, கிழித்துவிட்டேன். உள்ளே மூன்றே வரிகள். உங்களை ஃபோனில் பிடிக்க முடியவில்லை, பரிசோதனை தொடர்பாக உடனே எங்களுடன் தொடர்பு கொள்ளுங்கள். நோயின் பெயர் எங்கேயும் இல்லை. மேலே பாலியல் நோய்க் கிளினிக்கின் பெயர் இருந்தது. எட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவள் நான். அந்த மாதிரிப் பெயர் போட்ட கதவு எது, அதன் வாசலில் இருப்பவர்கள் ஏன் தலையை நிமிர்த்துவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கடிதத்தை அலுமாரியில் என் கல்யாணக் கூறைச் சேலைக்குக் கீழே வைத்தேன்.

நாலு மணிக்கு வேலை முடிந்து வந்தான். கேற் சத்தம் கேட்டது.

"கடிதம், அக்கா?"

"வரேல்லை."

அந்த முதல் பொய் வெட்கத்தில் வந்தது. பிரித்த உறையை எந்த முகத்தோடு நீட்டுவது? நாளைக்கு ஏதாவது சொல்லிக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை அவன் குடித்துவிட்டு வைத்த கோப்பையைக் கண்டதும் எனக்குள் வேறொன்று எழும்பியது. கொதிநீர் ஊற்றிக் கழுவினேன். அவன் போய்வந்த கழிப்பறையை டெட்டோல் போட்டுத் தேய்த்தேன். கோப்பையாலும் கதவுப்பிடியாலும் அது தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் எங்களை இருத்திவைத்துப் படிப்பித்திருந்தார்கள். தலைக்கு அது தெரிந்திருந்தது. கைக்குத் தெரியவில்லை. கோயிலில் கதை பரவினால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். சீ, அவனுடைய உயிரை விட எனக்குக் கோயில்காரரின் வாய் பெரிதாகிவிட்டது.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் தனக்கு ஒன்றும் இல்லை என்று நம்பி, தானாகப் போய்விடுவான். அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அவன் பத்தொன்பது நாள் கேட்டான். பத்தொன்பது நாளும் வரேல்லை என்றேன்.

இருபதாம் நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்களுக்குச் சமைத்தான். மஞ்சள் மிளகாய் அரைத்து ஊற்றிய கோழி, பக்கத்தில் சோறும் உருளைக்கிழங்கும். "எனக்கு ஒண்டும் இல்லை, அக்கா. இருந்தா இவ்வளவு நாளைக்குள்ளை வந்திருக்கும்," என்று அகப்பையோடு ஒரு சுற்றுச் சுற்றி ஆடினான். அவ்வளவு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. என் கணவர் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். நான் வயிறு சரியில்லை என்று சொல்லித் தேத்தண்ணி மட்டும் குடித்தேன். அடுத்த நாள் காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே போய்விட்டான்.

போனான் என்று பெயர்தான். நாலு மணியானால் கேற் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். ஒருநாள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றபோது, "கடிதம், அக்கா?" என்று முதுகுக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது. "வரேல்லை," என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"ஆரோடையப்பா கதைக்கிறீர்?" என்று இவர் ஹோலில் இருந்து கேட்டார்.

"ரேடியோவோடை," என்றேன். ரேடியோ போட்டிருக்கவில்லை.

அவனுடைய புது நம்பர் என்னிடம் இருந்தது. எத்தனை தரம் அந்த நம்பரை எடுத்தேன், எத்தனை தரம் வைத்தேன். முதல் கிழமை சொல்லியிருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். ஒரு மாதம் கழித்து என்னவென்று சொல்வது? மூன்று மாதம் கழித்து? அலுமாரியைத் திறக்கவே பயந்து, கல்யாண வீடுகளுக்கெல்லாம் வெளியில் தொங்கிய இரண்டு சேலைகளையே மாற்றி மாற்றி உடுத்தினேன்.

ஆகஸ்ட் மழையில் அந்த நரைத்த தலைப் பெண்மணி எங்கள் வாசலில் வந்து நின்றார். தாய்க்குச் சுகமில்லையென்று ஊருக்குப் போய், அப்போதுதான் திரும்பியிருந்தாராம். கிளினிக்குக்கு அவனைப் பிடிக்க முடியவில்லை, அவன் கொடுத்த விலாசம் இது, கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டார். நேற்றுத்தான் வந்தது என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்ல முடியவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தேன்.

கிழிந்த உறையைப் பார்த்தார். கடிதத்தின் திகதியைப் பார்த்தார். ஈரச் சப்பாத்தோடு வாசல்படியிலேயே இருந்துவிட்டார்.

"இப்ப இதுக்கு ஒரு நாளைக்கு ஒரு குளிசை, ஒரேயொரு மாத்திரை, போட்டாக் காணும், தெரியுமா? வேளைக்குத் தொடங்கினா எல்லாரையும் போல வாழலாம். ஒழுங்கா எடுத்தா ஒருத்தருக்கும் தொத்தாது. அதுக்குத்தான் நாங்கள் ஆடுற இடத்திலையும் போய் மேசை போடுறம்," என்றார். பிறகு அவனுடைய நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

டிசம்பரில் அவனே வந்தான். பழைய கார் ஒன்று வாசலில் நின்றது. உள்ளே ஒரு பெண் ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள். அவன் மட்டும் ஒரு பெட்டி செரிப் பழத்தோடு இறங்கிவந்து இவரைக் கட்டிப்பிடித்தான், என்னையும் கட்டிப்பிடித்தான். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான். காலையில் ஒரு குளிசை எடுக்கிறேன், கடைசிப் பரிசோதனையில் இரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை, இனி யாருக்கும் என்னால் தொற்றாது என்றான்.

"ஆனா அவளுக்கு அதுக்கு முதலே தொத்திப் போட்டுது, அக்கா," என்று காரைக் காட்டினான். பொதி செய்கிற இடத்தில் சந்தித்தவள், ஆர்ஜென்டினாக்காரி. "அவளும் இப்ப குளிசை எடுக்கிறாள். எல்லாம் என்னாலை. கடிதம் தபாலிலை மாறி எங்கையோ போய்க் கிடந்தது எண்டு அந்த அம்மா சொன்னவ. தபாலைக் குறை சொல்லி என்ன? நான் ஒரு ஃபோன் எடுத்துக் கேட்டிருக்கலாம்." கண்ணைத் துடைத்தான். "நீங்கள் அதைத் தேடி எடுத்துக் குடுத்தபடியாத்தான் இந்த அளவிலையாவது இருக்கிறம். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனாங்கள்."

அந்தப் பெண்மணி ஏன் எனக்காகப் பொய் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேசாமல் இருந்திருந்தால் அவர் சொன்னதே உண்மையாகிவிட்டிருக்கும். என்னால் முடியவில்லை. இவரும் பக்கத்தில் இருக்க, எல்லாவற்றையும் சொன்னேன். பிரித்ததைச் சொன்னேன், கூறைச் சேலையைச் சொன்னேன், அவன் போகட்டும் என்றுதான் மறைத்தேன் என்பதையும் சொன்னேன்.

"உண்மையே?" என்று இவர் என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். இவர் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"நான் சமைச்ச அண்டைக்கும் தெரியுமே?"

"ஓம்."

"எனக்குச் சொன்னது காணும்," என்றான். "போய் அவளிட்டைச் சொல்லுங்கோ."

வாசலிலிருந்து கார் வரைக்கும் இருபது அடி இருக்காது. என்னைக் கண்டதும் அந்தப் பெண் ஃபோனை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். எங்கள் இரண்டு பேரையும் விட அவளுக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். நான் சொன்னதில் ஒரு சொல்லையும் திருப்பிச் சொல்லும்படி அவள் கேட்கவில்லை. முடிந்ததும் ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் கடிதம் எப்ப வந்தது?"

"மார்ச் கடைசி வெள்ளி."



"நாங்கள் சந்திச்சது மே மாசம்," என்றாள்.